சொந்தக் கூந்தலும் மண் ராஜாவின் ரத்தமும்

போன வாரம் என் பேத்தி ஒரு சின்ன டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடி தேடப் போனாள். பெண்கள் கை கால் முடியை எடுக்கப் பூசிக்கொள்ளும் களிம்பாம். மூடியில் ரோஜாப்பூ படம் போட்டிருந்தது. ரோஜா வாசனையும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாடை கிளம்பி வந்து மூக்கைத் தொட்டதும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஈரச் சுண்ணாம்பும் கூழ்முட்டையும் சேர்ந்த வாடை.

"அடிப்பாவி, இது ஷாப்புச் சரக்காச்சே!" என்றேன்.

"தாத்தா, இது ஃபாரின். தொடாதே" என்று பிடுங்கிக்கொண்டு போனாள். இதே சரக்கை நான் வாளி வாளியாகக் கலக்கியவன் என்று சொன்னால் நம்பவா போகிறாள்? நீங்கள் நம்புவீர்கள். நீங்கள் என்னைப் பொறுத்துக்கொண்டு பழகியவர்.

ஷாப்பு என்றால் தோல் ஷாப்பு. தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் பாலாற்றை ஒட்டிய ஊர். ஊருக்குள் நுழையும்போதே வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது. பிறந்ததிலிருந்து சுவாசித்தது அதைத்தான்.

அங்கே சுண்ணாம்புத் தொட்டிப் பகுதிக்கு நான் ரைட்டர். இருபது வயது, காதில் பென்சில், ஊரையே நான்தான் நடத்துவது போல ஒரு நடை. எனக்கு வேலை இரண்டு. எந்தத் தொட்டியில் தோல் எத்தனை நாளாக ஊறுகிறது என்று பலகையில் எழுத வேண்டும். எந்த வாளியில் என்ன இருக்கிறது என்று வாளியின்மேல் எழுத வேண்டும். முதல் வேலையை ஒழுங்காகச் செய்தேன்.

வாளிகள் இரண்டு வகை. ஒன்றில் வெறும் சுண்ணாம்பு. இன்னொன்றில் கப்பலில் டின் டின்னாக வந்த ஒரு மருந்தைச் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்பு. அதற்குக் காரம் என்று பெயர். ஆட்டுத்தோலின் உள்பக்கம் காரத்தைப் பூசி மடித்து வைத்தால் மத்தியானத்துக்குள் மயிர் தானாகக் கழன்றுவிடும். மயிர் மேலேயே நேராகப் பட்டால் அவ்வளவு நேரம்கூட வேண்டாம். பார்வைக்கு இரண்டும் வெள்ளைக் குழம்புதான்.

சித்திரை பிறந்தால் கிணறுகள் வற்றிவிடும். தோல் கழுவத் தண்ணீர் இல்லாமல் ஷாப்பு அரை நாளோடு நின்றுபோகும். மிச்ச அரை நாளுக்கு எங்கள் ஊரில் தொழிலாளி என்று ஒருவனும் கிடையாது, எல்லாரும் கலைஞர்கள். பொதிமேல் முத்திரை எழுதுகிறவன் சுவரெல்லாம் சாமி படம் வரைந்து வைப்பான். முதலாளி சாயபு வீட்டுச் சமையல்காரர் மாலையில் குல்லாவைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு உருதுப் பாட்டுப் பாடுவார். கேட்க ஆள் சிக்காவிட்டால் பிரியாணிக்கு வாங்கிய ஆட்டைக் கட்டிவைத்துப் பாடுவார் என்று ஒரு பேச்சு உண்டு, நான் பார்த்ததில்லை. கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்கோயில் பேண்டில் ஆறு பேர், நாலு வாத்தியம், மூன்று பாட்டு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே மூன்றுதான், வேகம் மட்டும் மாறும். கையில் இரண்டு குச்சி கிடைத்தவன் எதையாவது தட்டினான், கிடைக்காதவன் குறை சொன்னான். நான் இரண்டாவது வகை.

எல்லாவற்றுக்கும் மேலே அம்மன் கோயில் கூத்து. பதினெட்டு நாள் நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். அதற்காக வறண்ட ஆற்றில், மணல்மேல் களிமண்ணால் ஒரு ராஜாவைப் படுக்க வைப்பார்கள். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடப்பதற்குள் ஒரு வெற்றிலையை மென்று முடித்துவிடலாம், அவ்வளவு நீளம். கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சபையில் வைத்து அவமானப்படுத்தியவனின் தொடை ரத்தத்தில் நனைத்துத்தான் கூந்தலை முடிப்பேன் என்று ஒரு பெண் சபதம் போடுகிறாள். எங்கள் ஊரில் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. அவள் அம்மா, அவன் மண் ராஜா, தொடையை உடைப்பவன் கதாயுதக்காரன். மண் ராஜாவின் தொடைக்குள் ஒரு பானையைப் புதைத்து அதில் ரத்தம் ஊற்றி வைப்பார்கள். நான் சொல்ல வந்த வருஷம் அவனுடைய மீசை மேலே போக வேண்டுமா கீழே இறங்க வேண்டுமா என்று இரண்டு கட்சியாகிக் கைகலப்பு வரைக்கும் போய், கடைசியில் ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக வைத்துச் சமாதானம் ஆனார்கள்.

அம்மா வேஷம் எத்திராஜுக்கு. என் உயிர்த் தோழன். ஷாப்பில் அவன் வேலை, ஊறிய தோலை மரத்தின்மேல் விரித்துக் கத்தியால் மயிர் வழிப்பது. நாளெல்லாம் ஆட்டு மயிரை வழிக்கிறவனுக்கு முழங்கால் வரை கூந்தல். கொண்டை போட்டுத் துண்டால் கட்டி மறைத்துக்கொண்டு வேலை செய்வான். அவன் மனைவி கனகம்மாவுக்கோ எலிவால் பின்னல்தான். "இருக்கிற எண்ணெய எல்லாம் இந்தத் தலைக்கே ஊத்தினா கொழம்ப இன்னாத்தால தாளிக்கிறது?" என்று கேட்பாள். கேட்டுக்கொண்டே சிக்கெடுப்பாள். அந்தக் கூந்தலில் அவளுக்குத்தான் பெருமை ஜாஸ்தி.

அந்த வருஷம் வேலூரில் தங்கியிருந்த நாடகக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டு காதுக்கு எத்திராஜின் சேதி போயிருந்தது. பெண் வேஷத்துக்கு ஆள் நிறைய உண்டு, எல்லாருக்கும் டோப்பா முடிதான். இவனை எடுத்தால் 'சொந்தக் கூந்தலுடன் தோன்றுவார்' என்று நோட்டீஸில் போடலாம் அல்லவா? படுகளத்தன்று நேரில் வந்து பார்ப்பதாகவும், கூந்தல் நிஜமாக இருந்தால் அன்றைக்கே அழைத்துப் போவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார்.

எத்திராஜ் தன் விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினான். சுண்ணாம்பு தின்று நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது.

"பாரு மச்சான். சாவுற வரிக்கும் இதான்னு நெனச்சிகினு இருந்தேன். கெளம்பிட்டேன்னா திரும்பி வரமாட்டேன். கனகத்தையும் இட்டுகினு போய்டுவேன்."

"போய்ட்டு வாடா" என்றேன். "வா" என்ற சொல்லை நான் மட்டும்தான் சேர்த்தேன்.

ரத்தம் வழக்கமாகக் குங்குமத் தண்ணீர்தான். அந்த வருஷம் பூசாரிக்கு அது வெளிறித் தெரிந்ததாம். மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் ஆலம் கரைத்த மாதிரி பிரமாதமாகச் சிவக்குமே என்று யோசனை சொன்னவன், குறை சொல்வதையே கலையாகக் கொண்ட அடியேன்.

"நீ வேதக்காரனாச்சே ரைட்டரு, ஒனக்கு இன்னாத்துக்கு?" என்றார் பூசாரி.

"கலக்கறதோட சரி, கும்பிட மாட்டேன்" என்றேன்.

படுகளத்தன்று விடியற்காலையில் ஷாப்பிலிருந்து ஒரு வாளியை நானே தூக்கி வந்தேன். எழுதாத வாளி. மஞ்சள் தூளைக் கொட்டிக் குச்சியால் கலக்கினேன். மண் ராஜாவே எழுந்து பார்த்தால் தன் ரத்தம் என்று நம்பியிருப்பான், அப்படி ஒரு சிவப்பு.

வெயில் ஏறும் முன்பே ஆறு நிறைய ஜனம். வருஷம் முழுக்க எங்கள் காற்று வீசும் பக்கமே வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். முதலாளி சாயபு வழக்கம்போல நாலு பெரிய பானை நீர்மோர் அனுப்பியிருந்தார். பட்டு ஜிப்பாவும் காதில் அத்தர்ப் பஞ்சுமாக ஏஜெண்டு வந்தார். தொடைப் பக்கம் குனிந்து பார்த்தவர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னாய்யா, ஒங்க ராஜா செத்து எத்தினி நாளாச்சு?"

எல்லாரும் சிரித்தோம். "இது எங்க ஊரு வாசனை சார், பழகிடும்" என்று அவருக்குச் சமாதானம் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் மூக்கு வேலை செய்த ஒரே ஆள் அவர்தான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

கதாயுதக்காரன் ஓடி வந்து ஓங்கிப் போட்டான். தொடை உடைந்தது. ரத்தம் வழிந்தது. எத்திராஜ் முட்டிபோட்டு உட்கார்ந்து கூந்தலை முன்னால் விரித்தான். பூசாரி கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு உச்சியிலிருந்து ஊற்றினார். பெண்கள் குலவை போட்டார்கள். எத்திராஜ் கூந்தலைத் திருகி முடிந்தான். ஏஜெண்டு கைக்குட்டையை எடுத்துவிட்டுத் தலையாட்டினார். ஆள் முடிவாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் எத்திராஜ் கத்தினான். "எரியுது! எரியுது!"

"அம்மா வந்துட்டா!" என்று கூட்டம் ஆரவாரித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இன்னும் ஊத்துங்கடா!" என்று யாரோ கூவ, பூசாரி இன்னும் இரண்டு கொட்டாங்கச்சி ஊற்றினார். எங்கள் பேண்டுக்காரர்கள் கல்யாண வேகத்தில் எடுத்துவிட்டார்கள்.

நான் தற்செயலாகக் குனிந்து என் வலது கையைப் பார்த்தேன். கலக்கும்போது தெறித்த இடத்தில் புறங்கையில் ஒரு ரோமம் இல்லை. தோல் வழவழவென்று, சிவந்து, ஷாப்பில் நான் தினமும் பார்க்கிற மாதிரி இருந்தது.

இந்த இடத்தை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், கையைப் பார்த்ததும் ஓடினேன் என்றுதான் சொல்வேன். பொய். நான் நின்றேன். பேண்டுக்காரர்கள் ஒரு பாட்டை முழுசாக முடித்து அடுத்ததை எடுக்கும்வரை நின்றேன். எத்திராஜ் மணலில் சுழன்றுகொண்டிருந்தான்.

பிறகு ஓடினேன். ஆற்றில்தான் சொட்டுத் தண்ணீர் இல்லையே. சாயபுவின் மோர்ப்பானையைத் தூக்கி அப்படியே அம்மாவின் தலையில் கவிழ்த்தேன். "காரம்! அது காரம்டா!" என்று கத்தினேன். அந்த ஒரு சொல் ஊர் முழுக்கப் புரிந்துவிட்டது. ஆளுக்கொரு பானையைத் தூக்கினார்கள். புளித்த மோரும் காரமும் சேர்ந்ததும் கிளம்பியதே ஒரு நாற்றம்! எங்கள் மூக்குக்கே அன்றைக்குத்தான் உயிர் வந்தது. கதாயுதக்காரன் ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கரையேறி ஓடினான். ஏஜெண்டு அவனுக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

கனகம்மா கூந்தலைக் கழுவ வேண்டும் என்று முடிச்சைப் பிடித்தாள். முடிச்சு முடிச்சாகவே அவள் கையோடு வந்துவிட்டது. அவள் அழவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பூசாரிதான் முதலில் சுதாரித்தார். "முடிச்சி போட்டாச்சில்ல? சபதம் தீந்துபோச்சு. அப்பறம் முடி இருந்தா இன்னா, போனா இன்னா?" என்று கற்பூரத்தைக் காட்டித் திருவிழாவை முடித்து வைத்தார். அந்தத் தீர்ப்பில்தான் நான் அடிபடாமல் தப்பினேன். சாயபு என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. ஷாப்பில் இருந்த எல்லா வாளியிலும், காலி வாளி உள்பட, தமிழ், உருது, இங்கிலீஷ் மூன்றிலும் எழுத வைத்தார்.

எத்திராஜின் தலைப்புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. பயத்தில் கை கால் ஓடவில்லை என்று அவனிடம் சொல்லி அழுதேன். "விடு மச்சான்" என்றான். இரண்டு மூன்று வருஷத்தில் முடி திரும்பத் தோளைத் தொட்டது. ஒருநாள் காலையில் அதை ஒட்ட வெட்டிக்கொண்டு ஷாப்புக்கு வந்தான்.

"ஏன்டா? இன்னும் கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிருக்குமே!" என்றேன்.

கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தான். "வளத்தா மறுபடியும் கெளம்பத் தோணும் மச்சான். நீ மறுபடியும் ஒரு பாட்டு முச்சூடும் நின்னு கேக்கணும். ஒனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?"

அவ்வளவு எரிச்சலிலும் அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பயம் எனக்கு இருந்தது நிஜம். ஆனால் பயம் மட்டும் இல்லை. இந்தக் கூந்தல் போனால் இவன் போக மாட்டான் என்று ஒரு நினைப்பு வந்து என் காலைக் கட்டியது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது. அதற்கப்புறம் முப்பது வருஷம் எனக்குப் பக்கத்திலேயே நின்று தோல் வழித்தான். மத்தியானம் கனகம்மா கட்டிக்கொடுத்த சோற்றில் பாதியை எனக்கு வைத்தான். நான் நினைத்தது எனக்குக் கிடைத்துவிட்டது.

இப்போது படுகளம் இல்லை. மண் ராஜாவைப் படுக்க வைக்க ஆற்றில் மணலே இல்லை, லாரியில் ஏறிப் போய்விட்டது. தொட்டிகளை மூடிவிட்டு இயந்திரப் பீப்பாய்கள் வைத்துவிட்டார்கள். பேண்டில் கடைசியாக இருந்த கிளாரினெட்டுக்காரரும் மகனோடு பாகாயம் போய் அங்கேயே காலமானார். எத்திராஜ் போன தை மாதம் போய்விட்டான். மணல் போனதற்கு லாரிக்காரனைத் திட்டலாம், தொட்டி போனதற்கு முதலாளியைத் திட்டலாம். எத்திராஜ் ஏறாமல் போன மேடைகளுக்குத் திட்டுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.