டாக்ருன் சங்கத்தைக் கையளித்த மே மாதம்

டாக்ருனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று வருடம் குடியிருந்தாள். அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று கதவைத் தட்டித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அங்கும் இங்கும் நடக்கிற சத்தம் மேலே வரும். நாங்கள் இருக்கும் நோர்வேயின் வடக்கே, கடலுக்குள் கிடக்கும் ஒரு சின்னத் தீவில் பிறந்தவள். மீனில் ஒட்டும் பேனைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் எடுத்தவள். மீனுக்கும் பேன் பிடிக்கும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பட்டம் எடுத்தால் வேலை கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டும், முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டும். அப்படிப்பட்டவர்களைப் போஸ்ட்டாக் என்பார்கள். பாதிப் பேர் வெளிநாட்டார். அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது, டாக்ருன் அதன் தலைவி. சம்பளமில்லாத வேலை என்பதால் அதற்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு.

சங்கத்துக்கு அவள் ஓர் அறை வாங்கிக் கொடுத்தாள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு கோப்பி மெசின், நாலைந்து கதிரை, அவ்வளவுதான். அதற்காக நிர்வாகத்தின் பின்னால் ஒன்றரை வருடம் அலைந்தாள். புதன்கிழமைகளில் அங்கே வாஃபிள் சுடுவாள், மாவைக் கரைத்து அச்சில் ஊற்றிச் சுடும் இனிப்பு அப்பம் அது. ஊரில் ஒருவரையும் தெரியாமல் வந்து இறங்கியவர்கள் அங்கே ஒதுங்குவார்கள். இந்த நாட்டுக்காரியாக இருந்தும் அவளே தன் முதல் குளிர்காலம் முழுவதும் ஒருவரோடும் பேச்சில்லாமல் கழித்தவள். ஆகவே அந்த அறை என்றால் அவளுக்கு உயிர்.

இப்போது அவளுடைய ஒப்பந்தம் மே கடைசியோடு முடிகிறது. அந்த அறையை நிர்வாகம் திருப்பிக் கேட்டது. ஜூன் முதல் வாரம் பேசித் தீர்ப்பது என்று கூட்டம் வைத்தார்கள். டாக்ருன் அந்தக் கூட்டத்துக்குப் போக முடியாது, அப்போது அவள் அங்கே வேலையில் இருக்கமாட்டாள். புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள்தான் பேச வேண்டும். அவர்கள் கோட்டை விட்டால் அறை போய்விடும்.

புதியவர்கள் இரண்டு பேர். தலைவியாக வந்தவள் ஹிமேனா, சிலி நாட்டுக்காரி, இரண்டு குழந்தைகளின் தாய். துணைக்கு வந்தவன் தனாசிஸ், கிரேக்கன், எதையும் பகிடியாக எடுக்கிறவன். வருடக் கூட்டத்தில் யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் தங்கள் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்களாம். தலை நிமிர்ந்திருந்தது இந்த இரண்டு பேருடையதுதான். அகப்பட்டுக்கொண்டார்கள்.

அவர்களைப் பழக்கும் வேலையை டாக்ருன் மே மாதத்தில் வைத்தாள். இந்த நாட்டில் பிறந்தவள் இப்படி ஒரு பிழை விடலாமா? மேயில் இங்கே ஒரு முழு வாரம் கிடையாது. வியாழனில் ஒரு லீவு வரும், இடையில் கிடக்கும் வெள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு எல்லோரும் மலைக் குடிலுக்குப் போய்விடுவார்கள். கிடைத்த பின்னேரங்களில் எல்லாம் அவர்களைத் தன் குசினிக்குக் கூப்பிட்டாள். நான் வடை கொண்டு இறங்குவேன். அவள் நடந்து நடந்து சொல்லிக்கொண்டிருப்பாள், அவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"நிர்வாகத்துப் பெரியவருக்கு நேர எழுதக் கூடாது. முதல் அவற்ற செயலாளரோட கதைக்க வேணும். வியாழன் பின்னேரம் நல்ல நேரம்."

"அடுத்த வியாழனோ?" என்று தனாசிஸ் கேட்டான்.

"அடுத்த வியாழன் லீவு."

"அப்ப அதுக்கடுத்தது?"

"அதுவும் சரிவராது. அவர் குடிலுக்குப் போயிடுவார்."

"டாக்ருன், உன்ர வகுப்பு முடிய எனக்கு இன்னொரு டாக்டர் பட்டம் தரவேணும், சொல்லிப்போட்டன்."

ஹிமேனா சிரிக்கவில்லை. "இந்தப் புதன் நான் வாஃபிள் சுடட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம், மா கட்டிபட்டிடும். நான் சுடுறன், நீ பக்கத்தில நிண்டு பார்."

நான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன். "பிள்ளை, அவள் ரெண்டு பிள்ளை பெத்தவள். மா கரைக்கத் தெரியாதோ?"

டாக்ருன் என் பேரன் கூப்பிடுகிற மாதிரியே என்னைக் கூப்பிடுவாள். "ஆச்சி, உங்களுக்கு விளங்காது. அறை போயிடும்."

மாவுக்கும் அறைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மே நடுவில், நாட்டின் தேசிய நாளன்று, ஊர் முழுக்கக் கொடி பிடித்து ஊர்வலம் போன கையோடு, ஹிமேனா சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கொடியும் கையுமாகப் பிள்ளை நித்திரை. பின்னால் தனாசிஸ்.

"நான் விலகப் போறன்," என்றாள் ஹிமேனா.

டாக்ருன் நடந்ததை நிறுத்தினாள். "இப்பவோ? கூட்டத்துக்கு மூண்டு கிழமைகூட இல்லை!"

"உன்னைப் போல என்னால ஏலாது. நாலு மணிக்கு நான் பிள்ளையளை எடுக்கப் போகவேணும். நீ ஒவ்வொரு பின்னேரமும் இதைத்தான் செய்யிறாய்."

"நான் எல்லாம் சொல்லித் தந்தனான்தானே?"

"சொல்லித் தந்தாய். ஏதாவது ஒண்டைச் செய்ய விட்டனியோ?"

டாக்ருன் தனாசிஸைப் பார்த்தாள். அவன் முதன்முறையாகப் பகிடி விடாமல் தரையைப் பார்த்தான். டாக்ருன் மழைச் சட்டையை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். மலைப்பாதையில் பாதித் தூரம் ஏறித் திரும்பி வந்தாள் போல. வரும்போது முழங்கால் வரை சேறு. அதற்குள் இருவரும் போகாமல் என் வடையைத் தின்று தீர்த்திருந்தார்கள்.

"கூட்டம் முடியுமட்டும் இரு, ஹிமேனா. கெஞ்சிக் கேக்கிறன்."

"இருப்பன். ஆனா அங்க நான் என்ன கேக்கிறன், எதை விடுறன் எண்டது என்ர பாடு."

"அறையை மட்டும்..."

"என்ர பாடு எண்டு சொன்னனான்."

டாக்ருனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனாலும் கையை நீட்டினாள். ஹிமேனா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக் கைகுலுக்கினாள்.

அதற்குப் பிறகு டாக்ருன் அவர்களைக் கூப்பிடவில்லை. கீழே நடைச் சத்தம் மட்டும் கூடிவிட்டது.

கூட்டத்தன்று காலையில் அவள் சப்பாத்துப் போடுவதைக் கண்டேன். "எங்க போறாய்?" என்று கேட்டேன். "சும்மா, வாசல் மட்டும்," என்றாள். தனியே விட்டால் உள்ளே நுழைந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நானும் குடையை எடுத்தேன். வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

பல்கலைக்கழக வாசலில், கதவைத் திறக்கும் தன் அட்டையை வைத்துப் பார்த்தாள். சிவப்பு வெளிச்சம். திரும்பவும் வைத்தாள், திரும்பவும் சிவப்பு. ஒப்பந்தம் முடிந்ததோடு அட்டையும் செத்துப் போனது. கூரை விளிம்பின் கீழ் ஒதுங்கி நின்றோம். நின்றது நான்தான், அவள் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பெரியவர் முதல்ல காலநிலையைப் பற்றிக் கதைப்பார். அதுக்குப் பிறகுதான் விசயத்துக்கு வருவார். இதை நான் சொல்ல மறந்திட்டன், ஆச்சி."

"மழை பெய்யுதெண்டு அவளுக்கும் தெரியும்," என்றேன்.

அப்போது யாரோ ஒருவர் தன் அட்டையால் கதவைத் திறந்தார். டாக்ருனைக் கண்டதும் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ளுக்கு வாறியளோ?"

அவளுடைய ஒரு கால் படியில் ஏறியது. நான் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. பிடித்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"இல்லை, நன்றி," என்றாள் டாக்ருன். "நான் ஆக்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறன்."

கதவு சாத்திக்கொண்டது.

அவர்கள் வெளியே வந்தபோது தனாசிஸ் சிரித்துக்கொண்டு வந்தான். ஹிமேனாவின் முகம் சிவந்திருந்தது.

"அறையைக் குடுத்திட்டம்," என்றாள் அவள். சுற்றி வளைக்கவில்லை.

"என்னது?"

"குடுத்திட்டம். அதுக்குப் பதிலா நானும் தனாசிஸும் கிழமையில ஒரு அரை நாள் வேலை நேரத்திலயே சங்கத்தைப் பாக்கலாம். புதுசா ஆர் வந்தாலும் முதல் நாளே எங்களுக்குச் சொல்லுவினம், நாங்கள் போய்ச் சந்திப்பம். புதன்கிழமைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில ஒரு மூலை."

"நான் ஒன்றரை வருசம் அலைஞ்சு வாங்கின அறை!"

"தெரியும். நீ அலைஞ்ச மாதிரி எங்களால அலைய ஏலாது. உனக்குப் பிறகு வாறவையில ஆர் அலைவினம்? அடுத்த வருசம் அறை இருக்கும், அதைத் திறக்க ஆள் இருக்காது."

டாக்ருன் சைக்கிள்கள் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாள். கத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கண் கலங்கியிருந்தது, மழை என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

"அறையைக் குடுத்தது பிழை," என்றாள். "நான் எண்டால் குடுத்திருக்க மாட்டன். அந்த அரை நாளை எழுத்தில வாங்கினியளோ?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பெரியவர் வாயாலதான் சொன்னவர்," என்றான் தனாசிஸ்.

"வாயாலயோ! இப்பவே எழுதுங்கோ. விடுங்கோ, நான்..." கைபேசியை எடுத்து எதையோ தட்டினாள், பிறகு கையைத் தாழ்த்தினாள். "என்ர மெயிலையும் மூடிப்போட்டாங்கள்."

ஹிமேனா என் குடைக்குள் வந்து நின்று தன் கைபேசியில் எழுதத் தொடங்கினாள். எழுத எழுத வாய்விட்டு வாசித்தாள். இன்று நீங்கள் ஒப்புக்கொண்டபடி, கிழமைக்கு அரை நாள், ஓகஸ்ட் மாதத்திலிருந்து. டாக்ருன் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலால் பார்த்தாள். ஒரு சொல்லை நோக்கி அவளுடைய விரல் நீண்டது. பிறகு அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"அனுப்பட்டோ?" என்று ஹிமேனா கேட்டாள்.

"என்னை ஏன் கேக்கிறாய்? நீதானே தலைவி."

ஹிமேனா அனுப்பினாள். பஸ் வருவதைக் கண்டு நான் குடையை மடக்கினேன். டாக்ருன் நாலடி ஓடிவிட்டு நின்று திரும்பினாள்.

"நன்றி எண்டு போட்டனியோ?"

"போட்டனான், டாக்ருன். ஓடு, பஸ் போகப் போகுது."