உடும்புக்கு வார்த்த பால்

ஒரகடம் சாலையில் இன்று ஆலைகளின் ஷிப்ட் பேருந்துகள் திரும்பும் இடத்தில் அன்று எங்கள் வைக்கோற்போர் இருந்தது. அம்மா நிறைமாதமாக இருந்த சமயம், போரின் அடியைப் பிரித்த அப்பாவின் கையில் விரற்கடை அளவான மண்டையோடு ஒன்று அகப்பட்டது. சில மாதங்களுக்கு முன் அதே போருக்குள் நுழைந்த நாகத்தின்மேல் அவர் கடப்பாரையை ஓங்கியிருந்தார். அடிபட்டு உள்ளே மறைந்த அதைப் பிறகு எவரும் காணவில்லை. அரவணையில் துயில்பவனைப் பாடித் துயிலெழும் வீட்டில் அரவைக் கொன்றுவிட்டோமோ, பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்தப் பாவம் வந்து சேருமோ என்று கலங்கிய அப்பா அன்று சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் காலை, தாம்பரத்துக் கல்லூரியில் விலங்கியல் பயின்றுகொண்டிருந்த என் தாய்மாமன் வந்தார். ஊர்வனவற்றை மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டு வகுப்பார்கள் என்று அவர் எனக்கு முன்பே படம் போட்டுக் காட்டியிருந்தார். ஆமைக்குக் கண்ணுக்குப் பின்னால் எலும்புச் சுவர்; உடும்புக்கு அங்கே ஒரு சன்னல், அதன் கீழே எலும்பால் ஒரு சட்டம்; பாம்புக்கோ அந்தச் சட்டமும் இல்லை, வெறும் திறப்பு. ஆதலால் நானும் மாமாவின் முழங்கையை ஒட்டி நின்று அந்தச் சட்டத்தைத் தேடினேன்.

மாமா அதை இரு விரல்களால் பிடித்து, வெளிச்சத்தில் நெடுநேரம் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“உடும்புதான் மாமா” என்றார் அப்பாவிடம். “கண்ணுக்குப் பின்னால சட்டம் கீது பாருங்க. பாம்புக்கு ஏது சட்டம்? இதுக்குப் போயி பட்டினி கெடக்கறீங்களே.”

“நல்லாப் பாத்தியாடா?” என்றார் அப்பா.

“பரீட்சைல இதத்தான் மாமா கேக்கறாங்க.”

அம்மா வயிற்றைப் பிடித்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். “உடும்பாமே. இன்னும் இன்னா யோசன? கைய கழுவிக்கினு வந்து சாப்புடுங்க” என்றாள்.

அப்பா உண்டார். எனக்கோ அந்தச் சட்டம் தென்படவே இல்லை. சட்டம் இருக்கவேண்டிய இடத்தை மாமாவின் கட்டைவிரல் மறைத்திருந்தது. விரலை எடுத்தபோது அங்கே வெறும் திறப்புதான் இருந்தது. இந்த அழகில் படித்தால் மாமா தேறமாட்டாரே என்று அஞ்சினேன். வாய்விட்டுச் சொன்னால் அப்பா மறுபடியும் சோற்றைத் தள்ளிவிடுவாரே என்று அதைவிட அஞ்சி, மௌனமாக இருந்துவிட்டேன்.

அப்பா கழனிக்குச் சென்றபின், புற்று வழிபாட்டை எந்நாளும் கேலி பேசும் அதே மாமா, மண்டையோட்டை வாழையிலையில் பொதிந்துகொண்டு புற்றடிக்குக் கிளம்பினார். அம்மா காய்ச்சாத பாலைச் செம்பில் ஊற்றி அவர் கையில் தந்தாள்.

“உடும்புக்குப் பால் எதுக்கும்மா?”

“அதுவும் ஒரு உசுருதானே. அப்பா கைல சொல்லிக்கினு இருக்காத.”

நான் சொல்லவில்லை. மாலையில் கழனியிலிருந்து திரும்பிய அப்பாவின் நெற்றியில், திருமண்ணுக்குக் கீழே, புற்றுமண் ஈரமாகத் துலங்கியது. செத்துப்போன ஓர் உடும்பின்பொருட்டு அவரும் எதற்கு அவ்வளவு தூரம் நடந்தார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.