ஹாரன் இல்லாத மருந்து வண்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மொத்த மருந்துக் கடையில் வேன் ஓட்டினேன். டிரைவர், கிளீனர், பெட்டி இறக்கும் ஆள் எல்லாம் நான்தான். மத்தியானச் சோறு வண்டியிலேயே, மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே குறை, வண்டியில் ஹாரன் கெட்டுக் கிடந்தது. தயங்கித் தயங்கி ஒருநாள் முதலாளியிடம் சொன்னேன்.

"வாய் இருக்குல்ல? கத்துய்யா" என்றார்.

வாய் இருந்தது, கத்தத்தான் வராது. முன்னால் போகும் மாட்டு வண்டி தானாக ஒதுங்கும்வரை பின்னாலேயே ஊர்ந்து போவேன்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் அன்று, அங்கே ஒரு டாக்டருக்கு அவசரமாக இன்சுலின் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவரிடம் சிகிச்சைக்காகப் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு மத்தியான ஊசிக்கு மருந்து இல்லை. மரப்பெட்டியில் ஐஸும் மரத்தூளும் கொட்டி, நடுவில் மருந்தை வைத்து, ஈரச்சாக்கைச் சுற்றிக் கொடுத்தார்கள். ஐஸ் கரைந்து மருந்து சூடேறிவிட்டால் டாக்டர் அதைத் தொடமாட்டார்.

காவிரிப் பாலம் தாண்டியதுமே கூட்டம். தொட்டியம் பக்கத்து ஜனமெல்லாம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. அப்போது கட்டி முடிக்கப்படாமல் நின்ற மொட்டைக் கோபுரத்தின் முன்னால் வண்டி நின்றே போயிற்று. ஓரங்கட்டிவிட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டேன். தண்ணீர் பிடரியில் சொட்டச் சொட்ட, வழிவிடச் சொல்லக் கூச்சப்பட்டு, பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து போனேன்.

வீதியோரம் நீர்மோர்ப் பந்தல். தலையில் துண்டு கட்டிய ஒருவர் என்னைப் பார்த்ததும் துள்ளினார்.

"வாங்கண்ணே! டேய், மோருக்கு ஐஸ் வந்துடுச்சுடா!"

நான் வாய் திறப்பதற்குள் பெட்டியை இறக்கிவிட்டார்கள். ஒருவர் சுத்தியலை ஓங்கினார்.

"ஐயையோ, உடைக்காதீங்க! ஊசி மருந்து! ஒரு நோயாளி காத்துக்கிட்டிருக்காரு!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது.

"இவ்வளவு பெரிய குரலை வச்சுக்கிட்டா வாயத் தச்ச மாதிரி வந்தீங்க?" என்றார் துண்டுக்காரர். மோர் அண்டாவின் மூடியை எடுத்தார். கரண்டியால் அதை டணார் டணார் என்று தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். "மருந்து வருது, வழி விடுங்க!" கூட்டம் விலக விலக, பெட்டியோடு அவர் பின்னாலேயே டாக்டரிடம் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் மருந்து பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். "பேஷ், ஜில்லுனு இருக்கே!" என்று ஊசியோடு உள்ளே போனார். பெரியவருக்கு நேரத்துக்கு ஊசி போட்டாயிற்று.

டாக்டர் வெளியே வந்ததும் துண்டுக்காரர் மெல்லக் கேட்டார்: "டாக்டர் சார், மிச்ச ஐஸ எடுத்துக்கலாமா?"

"மரத்தூளாயிருக்கேய்யா."

"அலம்பிக்கிறோம் சார்!"

"மோரில போடாதீங்கோ, அண்டாவுக்கு வெளியில வச்சுக்கோங்கோ" என்றார் டாக்டர்.

மறுநாள் முதலாளி கேட்டார்: "அந்தக் கூட்டத்துல எப்படிய்யா போய்ச் சேர்ந்தே?"

"ஒருத்தர் அண்டா மூடியைத் தட்டிக்கிட்டு முன்னாடி நடந்தாருங்க. தினமும் அவரு வரமாட்டாருங்க. ஹாரன் மாட்டிக் குடுங்க."

முதலாளி என்னையே பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த வாரமே ரப்பர் உருண்டை வைத்த பெரிய ஹாரன் ஒன்று வந்தது. முதல் தடவை அமுக்கியபோது, முன்னால் போன மாட்டைவிட நான்தான் அதிகம் மிரண்டேன்.