மின்சார வரிசைக்குப் பிஸ்கட் கூடாது

ஆராய்ச்சிக்கூடத்து எலிகளுக்குத் தீவனம் போட்டு, தினமும் எடை பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. பதினாறு வருஷமாகக் கூட இருப்பவர்கள் எலியப்பன் என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பார்.

இந்தத் தடவை எலிக்குட்டிகளை இரண்டு வரிசையாகப் பிரித்திருந்தார் டாக்டரம்மா. ஒரு வரிசைக்கு மேலேயும் கீழேயும் உலோகத் தகடு, அதில் மின்சாரம். உடம்பில் படாது. ஆனால் அந்த இடைவெளியில்தான் தின்று, தூங்கி, வளரவேண்டும். இன்னொரு வரிசைக்கும் அதே தகடு, மின்சாரம் மட்டும் கிடையாது. வளர்ச்சியில் வித்தியாசம் வருகிறதா என்று பார்க்கத்தான் இவ்வளவும்.

மின்சார வரிசைக் குட்டிகளின் முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதைப் பார்த்து எலியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. எடை பார்த்து முடித்ததும் ஆளுக்கொரு துண்டு பிஸ்கட் போட்டார். தினமும் போட்டார்.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"மின்சார வரிசை மொத்தமும் குண்டாயிருக்குய்யா! நாளைக்குப் பெரியவங்க கூட்டத்துல சொல்லப் போறேன்."

எலியப்பன் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த பிஸ்கட்டை உள்ளே அழுத்தினார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் எவனாவது பிள்ளை வளரவில்லை என்று தொட்டிலுக்கு மேலே கரண்டு கம்பி கட்டுவான். அதே கட்டிடத்தில் கூட்டிப் பெருக்கும் மனைவியிடம் போய்ப் புலம்பினார்.

"அட போங்க, நானுந்தான் போட்டேன்" என்றாள் அவள்.

"நீ எதுக்குடி போட்ட?"

"அந்தப் பக்கத்துக்கு நீங்க போடுறீங்க. இந்தப் பக்கம் என்ன பாவம் பண்ணிச்சு? சாயங்காலம் ஆளுக்கு அரைத்துண்டு."

"அரை எதுக்கு?"

"வீட்டு பிஸ்கட்டாச்சே, காலியாகுதுல்ல!"

இருவரும் போய் ஒப்புக்கொண்டார்கள். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, "ஒரு துண்டு எத்தனை கிராம்?" என்றார்.

வேலை தப்பியது. கூட்டத்தில் பேசுவது நின்றது. புதுக் குட்டிகளோடு எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. இப்போது மூன்றாவதாக ஒரு வரிசை: மின்சாரம் கிடையாது, பிஸ்கட் உண்டு. தினம் ஒரு கிராம், தராசில் நிறுத்து, கையெழுத்துப் போட்டுத்தான் போடவேண்டும். மின்சார வரிசைக்கு ஒரு பொடி விழுந்தாலும் எலியப்பன் வீட்டுக்குப் போகலாம்.

முதல் நாளே எலியப்பன் நிறுத்த பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மின்சார வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா?"

"இதுங்களுக்குக் கரண்டும் இல்ல, பிஸ்கட்டும் கிடைக்குது. அதுங்களுக்குக் கரண்டு மட்டுந்தானாம்மா?"

"ஆமா. அதான் ஆராய்ச்சி."

எலியப்பன் கையெழுத்துப் போட்டார். போகிற வழியில் மின்சார வரிசைக் குட்டிகள் எல்லாம் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று மோப்பம் பிடித்தன. அவர் சட்டைப் பையை வெளியே இழுத்து, உதறி, ஒவ்வொரு கூண்டுக்கும் காட்டிக்கொண்டே போனார்.