லிஃப்ட்காரர் எதற்கு வந்தார்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் லிஃப்ட்காரர் ஒரு கோளாறைத் தொட்டுவிட்டால் சோறு தண்ணி மறந்துபோகும். மகள் காய்ச்சலில் அனத்த, டாக்டரிடம் கூட்டிப்போக ஸ்கூட்டரை எடுத்தவர், அது ஏன் இருமுகிறது என்று வாசலிலேயே கழற்றிப் பரப்பிவிட்டார். மனைவிதான் தலையில் அடித்துக்கொண்டு பிள்ளையோடு டாக்சி பிடித்தாள். அப்போதும் மனுஷனுக்குப் புத்தி வரவில்லை.

அன்று ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே, அங்கே குடியிருக்கும் தையல்காரர் ஒருவரின் மனைவி. ஆஸ்துமா இழுப்பு உள்ளவள், மூச்சுக்கு அடிக்கும் மருந்து பம்பு வீட்டில் இருந்தது. லிஃப்ட்காரர் அடித்துப்பிடித்து மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறினார். மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினால் லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நிற்கும். அதற்குத்தான் வந்தார்.

ஆனால் மின்பெட்டியில் கருகல் வாடை. சும்மா எட்டிப்பார்க்கத்தான் திறந்தார். எவனோ கத்துக்குட்டி ஒயரைத் தாறுமாறாக மாற்றி வைத்திருந்தான். விடுவாரா? டெஸ்டரோடு உட்கார்ந்துவிட்டார். கம்பிவடம் இறங்கும் துவாரம் வழியாக அவளுடைய இருமல் மேலே வந்துகொண்டே இருந்தது.

தையல்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"இதோ பிடிச்சுட்டேன். இந்த ஒயர்தான் வில்லங்கம்."

"அவளுக்கு மூச்சு முட்டுதுண்ணே!"

"ரெண்டே நிமிஷம். போய்ப் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருங்க."

ஒரு ஒயரைச் சரிசெய்தால் அடுத்தது பல்லை இளித்தது. கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றது. அப்பாடா, இனி நிம்மதியாகப் பார்க்கலாம் என்றுதான் லிஃப்ட்காரருக்கு முதலில் தோன்றியது. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் தோன்றியது.

கீழேயிருந்து தையல்காரர் அலறினார்: "பேச மாட்டேங்கிறாய்யா! உன் லிஃப்ட் நாசமாப் போகட்டும், அவளை வெளியே எடு!"

லிஃப்ட்காரர் டெஸ்டரைப் போட்டுவிட்டு எழுந்தார். மெயினை அணைத்தார், பிரேக்கை விடுவித்தார், சக்கரத்தைச் சுற்றினார். தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடி, சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

உதடு நீலம் பாய்ந்து மூலையில் சரிந்து கிடந்தாள். தையல்காரர் மடியில் கிடத்தி, வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த பம்பை வாயில் வைத்து அழுத்தினார். மறுபடி, மறுபடி. ஒருவழியாக மூச்சு திரும்பியது.

லிஃப்ட்காரர் சுவரோரம் நின்றார். யாராவது நாலு திட்டு திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் கண் திறந்தாள். கரி அப்பிய அவர் கைகளைப் பார்த்தாள்.

"பாவங்க... எனக்காக எவ்வளவு பாடுபட்டிருக்காரு. அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க."

தையல்காரர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். லிஃப்ட்காரர் அதை வாயருகே கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தார்.