கைதுப் பட்டியலில் லேன்

கெல்சோ மாவட்டத்தில் யாரைப் பிடித்து உள்ளே போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. மாவட்டக் காவலைப் பார்க்கும் ஷெரிஃப் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் படத்தோடு போட்டுவிடுவார்கள். பெயர், வயது, ஊர், என்ன குற்றம், எல்லாம் இருக்கும். சட்டப்படி அது பொதுச்சொத்து. எங்கள் ஊர்க்காரர்கள் அந்தச் சொத்தை நன்றாகவே அனுபவித்தார்கள். பள்ளிக்கூட பஸ் ஷெட்டில் காலையில் காப்பி இறங்குவதற்குள், ஆர்வல் பிம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்கு அருகே பிடித்து உரக்க வாசிக்க ஆரம்பித்துவிடுவார். அவரும் பஸ் ஓட்டுகிறவர்தான், ஆனால் அந்தக் கால் மணி நேரம் அவர்தான் எங்களுக்குச் செய்தித்தாள்.

"டுவேன் ஹாஸ்க் மறுபடியும் வந்துட்டான். குடிச்சிட்டு டிராக்டர் ஓட்டினானாம்."

"கார் சாவிய பொண்டாட்டி ஒளிச்சு வச்சிருப்பா. பாவம், என்ன பண்ணுவான்?" என்பாள் வெல்டா ரூக்ஸ். "மூஞ்சியப் பாரு, எப்படிச் சிரிக்கிறான். கல்யாண போட்டோல கூட இந்தச் சிரிப்பு இல்ல."

ஷெட்டே அதிரும். வெல்டாவுக்கு வாய் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். தானியக் கிடங்கில் சோளம் சரிந்து மூடிப் புருஷன் செத்தபோது அவளுடைய மகன் லேன் சின்னப் பையன். பஸ் ஓட்டியும், கோடை விடுமுறையில் நெடுஞ்சாலை விடுதியில் கட்டில் விரிப்பு மாற்றியும் அவனை ஆளாக்கினாள். அந்த வாய் இல்லாவிட்டால் அவளை ஊர் ஏறி மிதித்திருக்கும்.

ஒருநாள் காலை ஆர்வல் வழக்கம்போல வாசித்துக்கொண்டு வந்தார். "லேன்..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைது. யாரோ தேவையில்லாமல் காப்பியைக் கலக்கினார்கள். வெல்டா கையுறையை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்க்கப் போனாள்.

மறுநாளிலிருந்து ஷெட்டில் வாசிப்பு நின்றுபோனது. அவரவர் பஸ்ஸில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து வானிலையைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் வெல்டாவுக்கு அந்த நல்ல எண்ணத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தாள்.

"என்ன, எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கிச்சா? ஊரான் பிள்ளைய வாசிச்சப்ப நான் சிரிச்சேன்ல? இப்ப என் பிள்ளையையும் வாசிங்க. வாசி, ஆர்வல்."

ஆர்வல் வாசித்தார். உப்புச் சப்பில்லாமல், தலை நிமிராமல் வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை.

லேன் கெட்டவன் இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தபோது தோள் போயிற்று. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மாத்திரையை நிறுத்தினார்கள். நின்ற மாத்திரைக்குப் பதிலாக அவன் தேடிக்கொண்டது அதைவிட மோசமானது. முதலில் வீட்டிலிருந்து மரம் அறுக்கும் ரம்பம் காணாமல் போனது, பிறகு தொலைக்காட்சி, பிறகு அவன் அப்பாவின் துப்பாக்கி. துப்பாக்கி போன அன்று வெல்டா அவனுடைய துணிகளைப் பையில் திணித்து வாசலில் வைத்தாள். அவன் சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனான். அதுதான் அவளைக் கொன்றது.

அதற்குப் பிறகு அவனிடம் போன் இல்லை, இருக்க இடமும் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று அறிய அவளுக்கு இருந்த ஒரே வழி ஷெரிஃப் அலுவலக இணையப் பக்கம்தான். ஊரில் மற்ற தாய்மார்கள் பிள்ளையின் பெயர் அதில் வந்துவிடக் கூடாதே என்று பார்ப்பார்கள். வெல்டா, வராமல் போய்விடுமோ என்று பயந்து பார்த்தாள். பெயர் இருந்தால் அவனுக்கு மூன்று வேளை சாப்பாடு, ஒரு போர்வை, தலைக்கு மேல் கூரை. அன்று அவளும் முட்டை பொரித்துச் சாப்பிடுவாள். பெயர் இல்லாத நாட்களில் பஸ் ஓட்டும்போது அவள் கண் பாலத்தடியிலும் சாலையோரப் பள்ளத்திலும்தான் இருக்கும்.

ஜனவரியில் கடுங்குளிர் வந்தது. எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறையும் என்று ஆர்வல் அளந்தார், அன்று அதை நம்பலாம் போலத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அந்த இணையப் பக்கத்தில் லேனின் பெயர் வந்தது. சலவைக்கூடத்தில் அனுமதியில்லாமல் படுத்திருந்தானாம். படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உள்ள வச்சுட்டாங்க," என்று போனை ஆர்வலிடம் நீட்டினாள் வெல்டா. பரிசு வாங்கிய பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டினாள்.

"நல்லதாப் போச்சு, விடு. இந்தக் குளிருக்கு நாய்கூட வெளிய நிக்காது. போய்ப் பாக்கலியா?"

"போனா 'என்னை வெளிய எடும்மா'ன்னு அழுவான். நானும் எடுத்துத் தொலைப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? இருக்கட்டும், குளிர் விடட்டும்."

அன்று மாலையே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. சனி முழுக்கக் காற்று வீட்டை உலுக்கியது. வெல்டா எழுந்ததும் போனைப் பார்த்தாள், சாப்பிடும்போது பார்த்தாள், படுக்கும்முன் பார்த்தாள். லேன் அங்கேயே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்காரி ஒருத்தி போனில் தயங்கித் தயங்கி மகனைப் பற்றி விசாரித்தாள். "உள்ள சூடா இருக்கான்," என்றாள் வெல்டா வெட்கமில்லாமல். அவனை அனுப்பிய நாளிலிருந்து தாழிடாமல் விட்டிருந்த பின்கதவை அந்த மூன்று நாளும் நிம்மதியாகத் தாழிட்டுக்கொண்டு தூங்கினாள். இத்தனை நாள் கடன்பட்டிருந்த தூக்கமெல்லாம் அப்போது வந்தது.

திங்கட்கிழமை இருட்டோடு சாலையைச் சுத்தம் செய்து பஸ்களை விட்டார்கள். பாதி வழியில் பஸ் ரேடியோவில் ஆர்வலின் குரல் வந்தது.

"வெங்கர் பண்ணை மரங்களுக்குப் பக்கத்துல, பள்ளத்துல ஒரு ஆள் கிடக்கான். ஷெரிஃப்புக்குச் சொல்லுங்க. ஆம்புலன்ஸுக்கு அவசரம் இல்ல."

வெல்டா பிள்ளைகளுக்குக் கேட்காதபடி ரேடியோவைக் குறைத்தாள். யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தாள். அடுத்த நொடியே, நம் பிள்ளை உள்ளே இருக்கிறான் என்று கடவுளுக்கு நன்றி சொன்னாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினாள்.

ஷெட் வாசலில் ஷெரிஃப் அலுவலக வண்டி நின்றது. உதவி ஷெரிஃப் டேட் வெசல் தொப்பியைக் கையில் வைத்திருந்தான். சின்ன வயதில் அவள் பஸ்ஸில் போனவன். பக்கத்தில் ஆர்வல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிடந்தவன் யாரென்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ரேடியோவை வெல்டாவும் கேட்பாள் என்றுதான் பெயரைச் சொல்லாமல் விட்டார்.

"மிஸஸ் ரூக்ஸ், உள்ள உக்காந்து பேசலாமா?"

"நின்னுக்கிட்டே சொல்லு, டேட்."

"லேன் விஷயமா..."

"லேன் உங்ககிட்ட இருக்கான்." அவள் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுப் போனைத் தேய்த்தாள். "இந்தா, பாரு. இப்பவும் இருக்கான். காலையிலகூட பாத்தேன்."

டேட் பார்த்தான். படம் இருந்தது.

"வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல ஜட்ஜ் அவனை விட்டுட்டாரு, மிஸஸ் ரூக்ஸ். சின்னக் கேஸு, உள்ள இடமும் இல்ல. இணையப் பக்கத்த மாத்துற பொண்ணு அதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிருச்சு. சனி, ஞாயிறு வராது. பேரு அப்படியே நின்னுருச்சு."

"படம் இருக்கேப்பா."

"இருக்குங்க."

அவள் போனைத் திருப்பித் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?"

"அம்மாவுக்குப் போடவான்னு கேட்டிருக்காங்க. வேணாம், பனியில வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க, நான் நடந்தே போறேன்னு சொன்னானாம்."

ஆர்வல் அவள் தோளில் கை வைத்தார். அவள் அதைத் தட்டிவிடவும் இல்லை, கவனித்ததாகவும் தெரியவில்லை.

"எந்தப் பக்கமா நடந்துட்டு இருந்தான்?"

டேட் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துச் சொன்னான்.

"மேற்க பாத்து."

வெங்கர் மரங்களைத் தாண்டி மேற்கே போனால் அந்தச் சாலையில் இருப்பது ஒரே வீடு. அது வெல்டாவின் வீடு.