அத்தை போட்ட குறுக்குக் கோடு

நிலம் அளக்கும் பழைய தியோடலைட் ஒன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் பித்தளையில் என் அப்பாவின் பெயர். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழாயும் திருகும் அப்பா கடைந்தவைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே தெரியும் குறுக்குக் கோடு இல்லாமல் அது வெறும் குழாய். அந்தக் கோடு சிலந்தி இழை. அதைப் போட்டவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. பட்டறையின் பின்னறையில் சீசாக்களில் சிலந்தி வளர்த்து, ஈ பிடித்துப் போட்டு, இழையைக் கம்பியில் சுற்றி எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அரக்கு வைத்து ஒட்டுவாள். அப்பா முயன்றால் இழை அறுந்துபோகும், கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் வரும்.

அடுத்த தெருவில் லென்ஸ் தேய்ப்பவருக்கு அத்தையைப் பிடித்திருந்தது. அத்தைக்கும்தான். ஒரு மதியம் அவர் தன் அம்மாவோடு பெண் கேட்டு வந்தார். பின்னறையை விட்டு நகராத சீசாக்கள் அன்று கூடத்து ஜன்னலோரம், மூடி தளர்ந்து இருந்தன. அந்த அம்மாளின் மடியில் ஒரு சிலந்தி ஏறியது.

"இது வீடா, வேற ஏதாவதா? எழுந்திருடா," என்று மகனை இழுத்துக்கொண்டு போனவர்தான். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை, அந்த வருடமே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் வெயில் படட்டும்னு வெச்சேம்மா. இப்படி ஆகும்னு யாரு கண்டா?" என்றார் அப்பா, அத்தையிடம்.

அத்தை சீசாக்களைப் பின்னறைக்கு எடுத்துப் போனாள். நான் வளர்ந்த பிறகு, இழை சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "சீசாவ வெயில்ல வெச்சா சிலந்தி செத்துடும்டி. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே உங்கப்பாதான். நாலு சிலந்தி போனாலும் போகட்டும், நான் போயிடக் கூடாது. அதான் அவர் கணக்கு."

"அப்புறமும் ஏன் அத்தை இங்கேயே கெடக்குற?"

"வேற எங்கடி போவேன்?"

அந்தப் பின்னறையிலேயே நரைத்து, அங்கேயே கண்ணை மூடினாள். அப்பா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் பாசத்தைப் பார் என்று வந்தவர்கள் உருகினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

அடக்கம் முடிந்து வந்து முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சிலந்திக்கு யாராவது ஈ போட்டீங்களா? ரெண்டு கருவி பாதியில நிக்குது."

"சீசா எல்லாத்தையும் கூடத்து ஜன்னலோரம் வெச்சிருக்கேன்பா," என்றேன். "கொஞ்சம் வெயில் படட்டும்னு."